ஸ்கேனர் வாங்குவதற்கு முன் பதிவேட்டைத் திறங்கள்

ஏறத்தாழ மூவாயிரம் பொருட்கள் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். "எல்லாவற்றையும் டிஜிட்டல் ஆக்கிவிடலாம்" என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். எந்த ஸ்கேனர் வாங்குவது, முப்பரிமாணப் பதிவு அவசியமா, இணையத்தில் போட்டால் படங்களை யாராவது எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா, செயற்கை நுண்ணறிவு உதவுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலையில் நான் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

ஸ்கேனர் விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். ஒரு பொருள் உள்ளே வந்த நாளில் அதற்கு ஓர் எண் கொடுத்து, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார்கள், எந்த நிலையில் வந்தது என்று யாரோ மையில் எழுதி வைத்த அந்தப் பெரிய நோட்டுதான் உங்கள் வேலைக்கு அடித்தளம். படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சரி, அது எந்தப் பொருள், எங்கிருந்து வந்தது என்ற விவரம் கூடவே இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து அதை வைத்து யாரும் ஆராய்ச்சி செய்ய முடியாது. அதனால் முதலில் படம் எடுக்க வேண்டியது பதிவேட்டின் பக்கங்களைத்தான். முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரை, ஓரத்தில் பென்சிலால் குறித்தவை உட்பட. பல இடங்களில் அந்த நோட்டுக்கு இன்னொரு பிரதியே கிடையாது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் வேலை செய்த முதல் இடத்தில், சுடுமண் உருவங்கள் நானூற்றுக்கும் மேல் இருந்தன. எல்லாம் விரல் நீளம், பெரும்பாலும் ஒரே சாயல். இரண்டே வாரத்தில் அத்தனையையும் படம் எடுத்து முடித்தோம். எண் எழுதிய சீட்டைப் படத்துக்குள் வைக்கவில்லை. அலமாரி வரிசைப்படிதானே எடுக்கிறோம், பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தோம். அடுத்த மாதம் அலமாரியை மாற்றி அடுக்கினார்கள். கடைசியில் அறுபது படங்கள் எந்த எண்ணுக்கு உரியவை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த உருவங்களை மறுபடியும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்துப் படம் பிடித்தோம். போன நேரம் கூடப் பெரிதில்லை. ஒரு பழைய சுடுமண் பொருளைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது உடைய வாய்ப்பு இருக்கிறது. தேவையில்லாமல் அந்த ஆபத்துக்கு அவற்றை இரண்டாவது முறை உள்ளாக்கினோம் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் முதல் படத்தில் எண் சீட்டு, அளவுகோல், நிற அட்டை மூன்றும் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நிற அட்டை எதற்கு என்று கேட்பீர்கள். தெரிந்த நிறங்கள் கட்டம் கட்டமாக அச்சிட்ட அட்டை அது. படத்தில் அது இருந்தால், எந்த விளக்கின் கீழ் எடுத்திருந்தாலும் பின்னால் நிறத்தைச் சரியாக மீட்டுவிடலாம். நிறம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு நேர்ந்ததைச் சொல்லலாம். டச்சு ஓவியர் வெர்மீர் வரைந்த, பால் ஊற்றும் பணிப்பெண்ணின் ஓவியம் அங்கே இருக்கிறது. அதன் மஞ்சள் பூத்த மட்டமான நகல்கள் இணையத்தில் பத்தாயிரத்துக்கும் மேல் சுற்றிக்கொண்டிருந்தன. அருங்காட்சியகத்துக்கு வந்தவர்களே, அங்கே கடையில் விற்ற அஞ்சலட்டையின் நிறம் தவறு என்று நினைத்தார்களாம். இணையத்தில் பார்த்த மஞ்சள்தான் அவர்கள் மனதில் அசலாகப் பதிந்திருந்தது. அதற்கு அருங்காட்சியகம் கண்ட தீர்வு, சரியான நிறத்தில் உயர்தரப் படத்தைத் தானே எல்லோருக்கும் திறந்துவிட்டதுதான். இந்தக் கதையை மனதில் வையுங்கள், பகிர்வது பற்றிப் பேசும்போது மறுபடியும் தேவைப்படும்.

சரி, கருவிக்கு வருவோம். எந்தக் கருவி என்று கேட்பதற்கு முன், அந்தப் பொருளிடம் உங்களுக்கு என்ன கேள்வி என்று யோசியுங்கள். எழுத்து தேய்ந்துவிட்டதா? உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? ஓவியத்தில் பின்னால் யாராவது கை வைத்தார்களா? ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு வழி. அவற்றில் சில நீங்கள் நினைப்பதைவிட மிக எளியவை.

எனக்கு மிகவும் பிடித்த வழி ஒளியை நகர்த்திப் படம் எடுப்பது. டாம் மால்ஸ்பெண்டர் என்பவர் ஹெச்பி ஆய்வகத்தில் இருந்தபோது 2001இல் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்தது இது. இத்துறையில் ஆர்டிஐ (Reflectance Transformation Imaging) என்று சொல்வார்கள்; தகவல் உரிமைச் சட்டத்தின் ஆர்டிஐ வேறு. கேமராவை ஸ்டாண்டில் மேலிருந்து கீழ்நோக்கி அசையாமல் பொருத்துகிறீர்கள். பொருளும் அசையக் கூடாது. பக்கத்தில் பளபளப்பான சிறிய கறுப்புக் கோலி ஒன்று. அறையை இருட்டாக்கிவிட்டு, ஒரு ஃபிளாஷ் விளக்கை மட்டும் பொருளைச் சுற்றி ஒரு கவிழ்த்த கிண்ணத்தின் உட்புறம் போல வெவ்வேறு இடங்களுக்கு நகர்த்தி, நாற்பது ஐம்பது படங்கள் எடுக்க வேண்டும். விளக்கு எப்போதும் ஒரே தூரத்தில் இருக்க ஒரு நூலைக் கட்டி, ஒருவர் அதன் நுனியைப் பொருளருகே பிடிக்க, இன்னொருவர் நூல் விறைக்கும் இடத்தில் விளக்கைப் பிடிப்பார். படம் எடுக்கும் நொடியில் நூலை விலக்கிவிடுவார்கள். ஒவ்வொரு படத்திலும் கோலியின் மேல் விழும் வெளிச்சப் புள்ளியை வைத்து, விளக்கு எந்தத் திசையில் இருந்தது என்று மென்பொருள் கணக்கிட்டுவிடும். அவ்வளவுதான் கருவிகள்: சாதாரண கேமரா, ஒரு விளக்கு, ஒரு கோலி, கொஞ்சம் நூல், இலவச மென்பொருள்.

உள்ளங்கை அளவு செப்புத் தகடு ஒன்றை இப்படி எடுத்தோம். கண்ணுக்கு அது பச்சை பூத்த வெறும் தகடு. மூலையில் சில கீறல்கள், வேறு ஒன்றும் இல்லை. 48 படங்களைச் சேர்த்துத் திரையில் திறந்து, சுட்டியால் ஒளியை மெதுவாக இடப்பக்கம் கொண்டுபோய் அடிவானத்துச் சூரியன் மாதிரித் தாழ்த்தினேன். ஒரு கட்டத்தில் கீறல்களுக்குக் கீழே நிழல்கள் எழ ஆரம்பித்தன. கீறல்கள் தாறுமாறாக ஓடின. இந்த நிழல்கள் வரிசையாக, ஒரே உயரத்தில் நின்றன; ஒவ்வொன்றும் தொடங்கும் இடத்தில் அகலமாகவும் முடியும் இடத்தில் கூராகவும் இருந்தது. உளி பதிந்த தடம். ஒளியை வலப்பக்கம் கொண்டுபோனதும் மறைந்தது, இடப்பக்கம் கொண்டுவந்ததும் திரும்ப வந்தது. ஏழு எழுத்துகள். நூலைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்று மாலை முழுவதும் அந்த ஒளியை நகர்த்திக்கொண்டே இருந்தார். தகட்டை யாரும் சுரண்டவில்லை, கழுவவில்லை, ரசாயனம் எதுவும் அதன் மேல் படவில்லை.

பெரிய அளவில் இதே முறை என்ன செய்தது என்பதற்கு ஆன்டிகிதரா இயந்திரம் சான்று. 1901இல் கிரேக்கத் தீவு ஒன்றின் அருகே, மூழ்கிய கப்பலிலிருந்து எடுத்த துருப்பிடித்த வெண்கலத் துண்டுகள் அவை. இப்போது ஏதென்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் 82 துண்டுகளாக இருக்கின்றன. அவற்றை வெளியே அனுப்ப முடியாது என்பதால் 2005இல் பல டன் எடையுள்ள எக்ஸ்ரே சிடி கருவியையே ஏதென்ஸுக்குக் கொண்டுபோனார்கள். மேற்பரப்புக்கு மால்ஸ்பெண்டரின் ஒளி முறை, உட்புறத்துக்கு எக்ஸ்ரே. பற்சக்கரங்களின் பற்களை எண்ண முடிந்தது. துருவுக்குள் இரண்டாயிரம் வருடமாக யார் கண்ணிலும் படாமல் கிடந்த எழுத்துகளையும் படித்தார்கள். பெரிய சக்கரம் ஒன்றுக்கு 223 பற்கள் என்று கணக்கிட்டதும் விஷயம் விளங்கியது: 223 சந்திர மாதங்களுக்கு ஒருமுறை கிரகணங்கள் அதே வரிசையில் திரும்பி வரும். கையால் சுற்றும் வானியல் கணிப்பான் அது. 2006இல் இந்த முடிவுகள் வெளிவந்தன.

பொருளைத் திறக்காமல் உள்ளே பார்ப்பதில் சிடி ஸ்கேன் செய்யாதது குறைவு. மூவாயிரம் வருடமாகப் பிரிக்காத எகிப்திய அரசர் முதலாம் ஆமென்ஹோட்டெப்பின் உடலை, கட்டுத் துணியில் ஓர் இழைகூடக் கலையாமல் திரையில் பிரித்துப் பார்த்து 2021இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இறக்கும்போது வயது ஏறத்தாழ 35, உயரம் 169 சென்டிமீட்டர், உடலில் 30 தாயத்துகள். இந்த வசதி சிறிய அருங்காட்சியகத்துக்கு எட்டாது என்று நினைக்க வேண்டாம். மருத்துவமனைகளில் ஓய்வு நேரத்தில் ஸ்கேன் செய்துகொடுக்கச் சம்மதிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

புற ஊதா விளக்கும் அகச்சிவப்புக் கேமராவும் இன்னும் எளியவை. ஓவியத்தின் மேல் புற ஊதா ஒளி பட்டால் பழைய வார்னிஷ் பச்சை கலந்து மின்னும். பிற்காலத்தில் பூசிய வண்ணம் அதில் கருந்திட்டாகத் தெரியும். அகச்சிவப்பு, வண்ணத்தை ஊடுருவி அடியில் கரியால் போட்ட கோடுகளைக் காட்டும். கண்ணுக்கான காப்புக் கண்ணாடி இல்லாமல் புற ஊதா விளக்கைப் போடாதீர்கள். தேவையான சில நொடிகளுக்கு மேல் பொருளின் மீது அதைக் காட்டவும் வேண்டாம். பல அலைநீளங்களில் எடுத்துச் சேர்க்கும் முறையால்தான் ஆர்க்கிமிடீஸின் கணித எழுத்துகள் மீண்டன. பத்தாம் நூற்றாண்டில் தோலில் எழுதிய அந்தப் பிரதியைப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுரண்டிவிட்டு, மேலே பிரார்த்தனைகளை எழுதிவிட்டார்கள். போதாததற்கு இருபதாம் நூற்றாண்டில் யாரோ சில ஏடுகளின் மேல் போலிப் படங்களையும் தீட்டியிருந்தார்கள். பால்டிமோரின் வால்டர்ஸ் அருங்காட்சியகத்தில் நடந்த வேலையில், எந்த வெளிச்சத்துக்கும் மசியாத அந்த ஏடுகளுக்கு மட்டும் சிங்க்ரோட்ரான் என்ற பெரிய துகள் முடுக்கியிலிருந்து வரும் வலுவான எக்ஸ்ரே தேவைப்பட்டது. மையில் இருந்த இரும்பு அதில் ஒளிர்ந்தது. அந்தப் படங்களையும் எழுத்துபெயர்ப்பையும் 2008இல் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று முழுவதுமாக வெளியிட்டார்கள்.

முப்பரிமாணப் பதிவு பற்றிக் கேட்டீர்கள். சிற்பம், பானை, எலும்பு, உடைந்த துண்டு இவற்றுக்கு அது நல்லது. காகிதம், ஒளிப்படம், ஓவியம் இவற்றுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. தனி ஸ்கேனர் வாங்காமலேயே, ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றி, ஒவ்வொரு படமும் முந்தைய படத்துடன் முக்கால் பங்காவது ஒத்துப்போகிற மாதிரி நூறு இருநூறு படங்கள் எடுத்தால், மென்பொருள் பொதுப் புள்ளிகளைக் கண்டுபிடித்து உருவத்தைக் கட்டிவிடும். நிழல் விழாத பரவலான ஒளி வேண்டும். படத்துக்குள் அளவுகோல் கட்டாயம் வேண்டும்; இல்லாவிட்டால் கிடைக்கும் உருவத்துக்கு அளவே இருக்காது, பானையா கிணறா என்று கணினிக்குத் தெரியாது. கண்ணாடி, மெருகேற்றிய உலோகம், பளபளக்கும் கறுப்பு அரக்குப் பொருட்கள் இந்த முறைக்குச் சரிவராது. பிரதிபலிப்பு நகர்வதால் பொருளே நகர்கிறது என்று மென்பொருள் ஏமாந்துவிடும். தெளிப்பான் அடித்து மங்கச் செய்யலாம் என்று யாராவது சொன்னால், அருங்காட்சியகப் பொருளின் மேல் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

முப்பரிமாணம் எங்கே உண்மையில் மனதைத் தொடுகிறது என்பதற்கு ஒரு செய்தி. அலாஸ்காவின் ட்லிங்கிட் மக்களில் கிக்ஸ்அடி குலத்தாரின் மரத் தொப்பி ஒன்று 1884லிருந்து அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கிறது. சடங்கில் தலையில் வைத்து ஆட வேண்டிய தொப்பி, ஆனால் உடைந்துவிட்டது. அதை அணிந்து ஆட முடியாது. குலத்தாரும் அருங்காட்சியகமும் சேர்ந்து அதை ஸ்கேன் செய்து, உடைந்த பகுதிகளைக் கணினியில் சரிசெய்து, மரத்தில் புதிதாகக் கடைந்தெடுத்தார்கள். 2019இல் குலத்தார் புதிய தொப்பிக்கு உரிய சடங்கைச் செய்து, அதை அணிந்து ஆடினார்கள். வெறும் நகல் குலத்தின் பொருளாக மாறியது அந்தச் சடங்கால்தான். எந்திரம் கடைந்ததோடு அது முடிந்துவிடவில்லை.

இப்போது, படம் எடுப்பதைவிட நான் அதிக நேரம் செலவழிக்கிற வேலைக்கு வருகிறேன்: விவரக் குறிப்பு. மீதரவு என்றும் சொல்கிறார்கள். பெரிய மென்பொருள் வேண்டியதில்லை, நல்ல விரிதாள் போதும். ஆனால் ஒரு கட்டத்தில் ஒரு தகவல் மட்டும். "சுமார் 9ஆம் நூற்றாண்டு, செம்பு, ஆற்றங்கரையில் கிடைத்தது" என்று ஒரே கட்டத்தில் எழுதிவிட்டால் மனிதர் படிக்கலாம், கணினி தேட முடியாது. காலத்துக்கு மூன்று கட்டங்கள் வையுங்கள்: ஒன்றில் "சுமார் 9ஆம் நூற்றாண்டு" என்று எழுத்தில், மற்ற இரண்டில் 801, 900 என்று எண்ணில். அப்போதுதான் 850ஐத் தேடுபவருக்கு அது கிடைக்கும். உறுதியாகத் தெரிந்தது, ஊகம் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். ஊகம் என்றால் யாருடையது, எந்த வருடம் என்றும் எழுதுங்கள். பழைய பதிவேட்டின் சொற்கள் இன்று தவறாகவோ இழிவாகவோ தெரிந்தாலும் அழிக்க வேண்டாம். அவற்றைத் "பழைய பதிவு" என்ற கட்டத்தில் தேதியோடு வைத்துவிட்டு, புதிய விவரத்தைத் தனியாக எழுதுங்கள். அந்தப் பொருளை அன்றைக்கு எப்படிப் பார்த்தார்கள் என்பதும் ஆராய்ச்சிக்குரிய தகவல்தான்.

பெயர் விஷயத்தில் டிஜிட்டல் பெனின் திட்டத்திலிருந்து நான் நிறையக் கற்றேன். இன்றைய நைஜீரியாவில் இருக்கும் பெனின் அரசிலிருந்து 1897இல் பிரிட்டிஷ் படை கொள்ளையடித்த வெண்கல, தந்தப் பொருட்கள் உலகெங்கும் சிதறின. 2022 நவம்பரில் திறந்த அந்தத் தளம் 20 நாடுகளில் 131 நிறுவனங்களிடம் இருந்த 5,246 பொருட்களை ஒரே இடத்தில் காட்டியது. பட்டியலைச் சேர்த்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் பெனின் மக்களின் எடோ மொழியில் என்ன பெயர் என்று எழுதி, அதை ஒலிக்கவும் செய்தார்கள். "தலை", "தகடு" என்று ஐரோப்பியப் பட்டியல்களில் கிடந்தவை தங்கள் சொந்தப் பெயருக்குத் திரும்பின. உங்கள் மூவாயிரம் பொருட்களுக்கும் அவற்றைச் செய்தவர்கள், பயன்படுத்தியவர்கள் என்ன பெயர் சொன்னார்கள் என்று கேட்டு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். முதியவர் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பெயரும் பயனும் சொன்னால், அனுமதி கேட்டு அவர் குரலையே பதிவு செய்துவிடுங்கள். அந்த ஒலிக்கோப்புக்கும் பொருளின் எண்ணையே கொடுங்கள்.

இனி, படங்களை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களே என்ற பயம். முன்பே சொன்ன மஞ்சள் நகல்களை நினைத்துப் பாருங்கள். நீங்கள் கொடுக்காவிட்டால் மட்டமான படம் சுற்றும், அவ்வளவுதான் வித்தியாசம். ரைக்ஸ் அருங்காட்சியகம் 2012இல் 1,25,000 படங்களைத் திறந்துவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் 3,75,000 படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது. ஸ்மித்சோனியன் 2020இல் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண உருவங்களையும் திறந்தது. இதற்கு நேர்மாறாக, பெர்லினில் இருக்கும் எகிப்திய அரசி நெஃபர்டிட்டி சிலையின் ஸ்கேனைப் பொதுமக்களுக்குக் கொடுக்க மறுத்தபோது, காஸ்மோ வென்மன் என்ற கலைஞர் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே மூன்று வருடம் போராடிப் பெற்று 2019இல் வெளியிட்டார். மூவாயிரம் வருடத்துக்கு முன் செய்த சிலையின் ஸ்கேனில், அடிப்பகுதியில் உரிம வாசகத்தைப் பொறித்துக் கொடுத்திருந்தார்கள். பதிப்புரிமை முடிந்துபோன பொருளின் படத்துக்குப் புதிதாக உரிமை கொண்டாடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. படத்தின் நடுவில் பெயர் பொறிப்பதும் வேண்டாம். ஆராய்பவருக்குத் தேவையான இடம் பெரும்பாலும் அந்தப் பெயருக்கு அடியில்தான் இருக்கும். உரிமம் என்ன என்பதைத் தெளிவாக ஒரு வரியில் எழுதிவிடுங்கள். படத்தை எடுப்பவர்கள் பொருள் எண்ணையும் சேர்த்து எடுத்துப்போகும்படி அதைக் கோப்பின் பெயரிலேயே வைத்துவிடுங்கள்.

திறந்து கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை ஹெர்குலேனியம் சுருள்களில் பார்த்தோம். இத்தாலியில் கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கரியாகிப்போன பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்கள் அவை. பிரித்தால் பொடிந்துவிடும். ஸ்கேன் செய்தாலும், மையும் கரி, தாளும் கரி என்பதால் எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ப்ரென்ட் சீல்ஸ் பல வருடங்கள் இதில் உழைத்தார். 2023இல் ஸ்கேன்களை எல்லோருக்கும் கொடுத்து, பரிசும் அறிவித்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒருவர் திரையை மணிக்கணக்கில் உற்றுப் பார்த்து, காய்ந்த சேறு வெடித்த மாதிரி ஒரு நுண்ணிய தடம் மை பட்ட இடங்களில் மட்டும் இருப்பதைக் கவனித்தார். லூக் ஃபாரிட்டர் என்ற 21 வயது மாணவர் அந்தத் தடத்தை அடையாளம் காணக் கணினியைப் பழக்கினார். அந்த வருடம் அக்டோபரில் முதல் சொல் வெளிவந்தது: ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். அடுத்த பிப்ரவரியில் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படித்துக்காட்டி 7 லட்சம் டாலர் பரிசு பெற்றார்கள். ஸ்கேன்கள் ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியிலேயே பூட்டிக் கிடந்திருந்தால் அந்தக் கண்கள் அவற்றைப் பார்த்திருக்கவே முடியாது.

அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. மனித எச்சங்கள், குறிப்பிட்ட சிலர் மட்டுமே பார்க்கக்கூடிய புனிதப் பொருட்கள், திருட்டுக்கு வழிகாட்டும் கண்டெடுத்த இடத்தின் துல்லியமான குறியீடுகள் இவற்றை நிறுத்தி வையுங்கள். ஆஸ்திரேலியாவின் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவான முகுர்ட்டு என்ற இலவச மென்பொருளில், எந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே முடிவு செய்யும். குறிப்பிட்ட குடும்பத்தாருக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும் என்றெல்லாம் பிரிக்கலாம். பதிப்புரிமைச் சட்டத்துக்கு இந்த வேறுபாடுகள் புரியாது. அதனால் பதிவேற்றும் முன் உரியவர்களிடம் கேட்பது உங்கள் கடமை. ஒருமுறை இணையத்தில் போன படத்தைத் திரும்ப வாங்க முடியாது.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கேட்டீர்கள். பழைய கையெழுத்தைத் தட்டச்சாக்கவும், ஒத்த வடிவங்களைத் தேடிக் கொடுக்கவும் அது நன்றாக உதவுகிறது. பொருளின் படத்தைக் காட்டி "இது என்ன, எந்தக் காலம்?" என்று கேட்டு வரும் பதிலை அப்படியே பதிவேட்டில் ஏற்றுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தயக்கமே இல்லாத நடையில் தவறு சொல்லும். அடுத்து வருபவர் அதை நம்பிவிடுவார். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டின் இரவுக் காவல் ஓவியத்தை 1715இல் சுவருக்கேற்ப நான்கு பக்கமும் வெட்டினார்கள். வெட்டுப்பட்ட ஓரங்களை, அதற்கு முன் வேறொருவர் வரைந்து வைத்திருந்த சிறு நகலைக் கொண்டு கணினியைப் பழக்கி 2021இல் மீட்டுருவாக்கினார்கள். அந்தப் பகுதிகளைத் தனித் தகடுகளில் அச்சிட்டு, அசலைத் தொடாமல் அருகில் பொருத்திச் சில மாதங்கள் காட்டிவிட்டு எடுத்துவிட்டார்கள். எது ரெம்ப்ராண்ட், எது கணினி என்று பார்த்தவர் யாருக்கும் குழப்பம் வரவில்லை. உங்கள் பதிவேட்டிலும் கணினி சொன்னதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். அதே ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்துச் சேர்த்த 71,700 கோடி பிக்சல் படமும் இணையத்தில் இருக்கிறது, நேரம் கிடைத்தால் பெரிதாக்கிப் பாருங்கள். ஒருவர் கண்மணியில் வைத்த வெள்ளைப் புள்ளியின் விரிசல்கூடத் தெரியும்.

அப்புறம், பாதுகாப்பு. 2018 செப்டம்பர் 2ஆம் தேதி ரியோ டி ஜெனிரோவில் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தது. இரண்டு கோடி பொருட்களில் பெரும்பகுதி போய்விட்டது. பேசுவோர் யாருமே இல்லாமல் போன பழங்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அதில் அடக்கம். அருங்காட்சியகவியல் மாணவர்கள், அங்கே போய் வந்தவர்கள் எடுத்த படங்களை அனுப்பும்படி உலகத்திடம் கேட்டார்கள். சுற்றுலாப் பயணிகளின் செல்பேசிப் படங்கள் சில பொருட்களுக்கு மிஞ்சிய பதிவாகிவிட்டன. மறுபக்கம், டிஜிட்டலும் அழியும். 1986இல் இங்கிலாந்தின் 1086ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏட்டின் நினைவாக, பிபிசி பத்து லட்சம் பேரின் பங்களிப்பை லேசர் வட்டுகளில் சேகரித்தது. பதினைந்து வருடத்தில் அதைப் படிக்கும் கருவிகள் அரிதாகி, மீட்பதற்கே ஓர் ஆராய்ச்சிக் குழு தேவைப்பட்டது. அந்த 1086ஆம் ஆண்டுத் தோல் ஏட்டையோ இன்றும் படிக்கலாம். தமிழில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகள் இப்போது புரியாத குறிகளாகத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வலி தெரியும். அதனால் விவரங்கள் யூனிகோடில், எளிய உரைக் கோப்பாகவும் ஒரு பிரதி. மூலப் படம் சுருக்காத டிஃப் (TIFF) என்ற கோப்பு வடிவில். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு கட்டிடத்தில். இணையத்தோடு இணைக்காத பிரதி ஒன்று கட்டாயம். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகளைத் தாக்கியபோது, ஸ்கேன் செய்த சுவடிகள் பல மாதம் யாருக்கும் கிடைக்கவில்லை. வருடம் ஒருமுறை பிரதிகளைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து மென்பொருள் கணக்கிடும் சரிபார்ப்பு எண் (checksum) மாறாமல் இருக்கிறதா என்றும் ஒப்பிடுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், மூவாயிரத்தை மறந்துவிட்டுப் பத்துப் பொருட்களை எடுங்கள். பதிவேட்டுப் பக்கம், படம், விவரக் கட்டங்கள், பெயர் சொல்லும் குரல், மூன்று பிரதிகள், இணையத்தில் வெளியீடு வரை அந்தப் பத்தையும் கொண்டுபோங்கள். எங்கே தடுக்குகிறது என்று ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். மிச்சத்தை அதற்கேற்பத் திட்டமிடலாம். அந்தப் பத்தில் அழகான பொருட்களாகவே பார்த்து எடுக்காதீர்கள். யாரும் காட்சிக்கு வைக்காத ஓர் உடைந்த துண்டும் இருக்கட்டும். பழைய மெசபடோமியாவின் எழுத்துள்ள களிமண் பலகைகளிலும் சீனாவின் துன்ஹுவாங் குகைச் சுவடிகளிலும் ஒரு நாட்டில் இருக்கும் துண்டுக்கு இன்னொரு நாட்டில் மறுபாதி கிடைத்திருக்கிறது. இரண்டின் படங்களையும் ஒருவர் ஒரே திரையில் பார்த்தபோது கிடைத்தவை அவை. உங்கள் துண்டின் உடைந்த விளிம்பை மட்டும் நல்ல வெளிச்சத்தில், அளவுகோலோடு, இரண்டு பக்கமும் தனியாக எடுத்து வையுங்கள்.